மூடினால் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா? லேப்டாப் ஸ்லீப் கேள்வி பதில்

கட்டளைகளைத் தமிழில் ஒலிப்பாக எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். அடிக்கடி வரப்போவது ‘பவர்சிஎஃப்ஜி’. பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றெழுத்தையும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டை (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) வலது க்ளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்லீப், ஹைபர்னேட், ஷட்டவுன். எதை எப்போது பயன்படுத்துவது?

ஸ்லீப்பில் உங்கள் வேலை ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. ரேம் எதையும் நினைவில் வைத்திருக்க மின்சாரம் வேண்டும், அதனால் பேட்டரி சொட்டுச் சொட்டாக இறங்கும். ஹைபர்னேட் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு மெஷினை முழுதாக அணைத்துவிடும். மறுபடி எழ ஸ்லீப்பைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும், ஆனால் திறந்துவைத்த கோப்புகள் அப்படியே இருக்கும்.

டீ குடிக்க, சாப்பிடப் போக ஸ்லீப். பையில் வைப்பதாக இருந்தாலோ ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்கப் போகிறது என்றாலோ ஹைபர்னேட். அப்டேட் போட்ட பிறகும், ஏதாவது கோளாறாக நடந்துகொள்ளும்போதும் ரீஸ்டார்ட். ஷட்டவுன் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்பதற்குக் கீழே ஒரு கேள்வி வருகிறது.

கேள்வி: சார், புது லேப்டாப். மூடி பையில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் அடுப்பு மாதிரி சுடுகிறது. ராத்திரி 80 சதவீதம் இருந்தது காலையில் 50. பழைய லேப்டாப்பில் இப்படி இல்லையே, பேட்டரி கோளாறா?

பெரும்பாலும் பேட்டரி மேல் தப்பில்லை. ‘பவர்சிஎஃப்ஜி /ஏ’ என்று அடியுங்கள். உங்கள் மெஷினுக்கு எந்த வகைத் தூக்கம் தெரியும் என்று பட்டியல் வரும். ஸ்டாண்ட்பை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எஸ்3 என்று இருந்தால் அது பழைய பாணித் தூக்கம்: ப்ராசஸர் அணைந்துவிடும், ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும். எஸ்0 லோ பவர் ஐடில் என்று இருந்தால் அதுதான் மாடர்ன் ஸ்டாண்ட்பை. உங்களுடையது இரண்டாவதாகத்தான் இருக்கும்.

மாடர்ன் ஸ்டாண்ட்பை போன் தூங்குகிற மாதிரி. திரை அணைந்திருக்கும், உள்ளே விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வேலை இல்லாத நேரத்தில் ப்ராசஸரும் மற்றச் சிப்புகளும் மிகக் குறைந்த மின்நிலைக்கு இறங்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒரே ஒரு டிரைவரோ (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) யூஎஸ்பியில் செருகிய ஒரு பொருளோ இறங்க மறுத்தாலும் மொத்த மெஷினும் விழித்தே கிடக்கும். பைக்குள் காற்றோட்டம் கிடையாது. சூடு அப்படித்தான் ஏறுகிறது.

குற்றவாளியைப் பிடிக்க ‘பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி’. கடந்த 3 நாள் தூக்கத்தின் அறிக்கை ஒரு இணையப் பக்கமாகச் சேமிக்கப்படும்; எங்கே என்று கட்டளையே சொல்லும். அதில் ஒவ்வொரு தூக்கமும் ஒரு வரி. எத்தனை சதவீதம் பேட்டரி போனது என்பதையும், ட்ரிப்ஸ் என்ற எண்ணையும் பாருங்கள். தூங்கிய நேரத்தில் எவ்வளவு பங்கு ஆழ்ந்த நிலையில் கழிந்தது என்பதே ட்ரிப்ஸ். 90-க்கு மேல் இருந்தால் நல்ல தூக்கம். 10, 20 என்று கிடந்தால் அந்த வரியைத் திறந்து, அதிக நேரம் விழித்திருந்த சாதனத்தின் பெயரைப் பாருங்கள். வைஃபை, ஆடியோ, கிராபிக்ஸ் பெயர்கள்தான் அதிகம் மாட்டும். டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள். பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும் விடாதீர்கள். தூக்கக் கோளாறுகள் பல அதில்தான் தீர்கின்றன.

அதுவரைக்கும், மூடியதும் ஹைபர்னேட் ஆகும்படி வையுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதன் இடப்பக்கத்தில், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இணைப்பு. ‘ஆன் பேட்டரி’ பத்தியில் ஹைபர்னேட் தேர்ந்தெடுங்கள். மூடியதும் உடனே வேண்டாம், கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு அப்புறம் அணையட்டும் என்றால் ‘பவர்சிஎஃப்ஜி /சேஞ்ச் ஹைபர்னேட்-டைம்அவுட்-டிசி 60’. 60 என்பது நிமிடம். டிசி என்றால் பேட்டரியில் இருக்கும்போது. சார்ஜரில் இருக்கும்போதைக்கு ஏசி என்று தனியாகப் போட வேண்டும்.

இன்னொன்று, மூடிவிட்டுச் சார்ஜரைப் பிடுங்காதீர்கள். முதலில் பிடுங்குங்கள், பிறகு மூடுங்கள். சார்ஜரில் தூங்கப் போன மெஷின் நெட்வொர்க்கோடு தாராளமாக இருக்கும். பிடுங்கிய பிறகும் சில மெஷின்கள் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை.

கேள்வி: ரெஜிஸ்ட்ரியில் ஏதோ மாற்றினால் பழைய எஸ்3 திரும்பி வரும் என்கிறார்கள். செய்யலாமா அண்ணா?

விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், பிளாட்ஃபார்ம்ஏஓஏசிஓவர்ரைடு என்ற பெயரில் டிவேர்ட் (எண்) மதிப்பு ஒன்றை உருவாக்கி 0 வைக்கச் சொல்லியிருப்பார்கள். அது எஸ்0-ஐ மறைக்கும். எஸ்3-ஐ உருவாக்காது. பயாஸில் எஸ்3 இருந்தால்தான் விண்டோஸ் அதை எடுத்துக்கொள்ள முடியும். 2020-க்குப் பிறகு வந்த பல மெஷின்களில் அது கிடையவே கிடையாது. அப்படிப்பட்ட மெஷினில் இதைச் செய்தால் ஸ்லீப் என்ற சொல்லே மெனுவிலிருந்து காணாமல் போகும். போனால் பதறாதீர்கள், அந்த மதிப்பை அழித்து ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி வந்துவிடும்.

முதலில் பயாஸைத் திறந்து பாருங்கள். சில திங்க்பேட் மாடல்களில் பவர் பகுதியில் ஸ்லீப் ஸ்டேட் என்று ஒரு தேர்வு இருக்கும். லினக்ஸ் என்று வைத்தால் அதுவே எஸ்3. ஏற்கெனவே விண்டோஸ் போட்ட மெஷினில் இதை மாற்றுவதற்கு முன் முக்கியக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மெனுவில் ஹைபர்னேட்டே இல்லையே?

கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். மேலே ‘தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று’ என்ற பொருளில் ஒரு நீல இணைப்பு இருக்கும். அதை அழுத்தாதவரை கீழே இருக்கும் கட்டங்கள் மங்கலாகவே கிடக்கும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அழுத்திவிட்டு ஹைபர்னேட்டை டிக் செய்து சேமியுங்கள்.

அந்தக் கட்டமே இல்லையென்றால் ‘பவர்சிஎஃப்ஜி /ஹைபர்னேட் ஆன்’. அப்படியும் வரவில்லையா? ஹைபர்னேட் கோப்பு சுருக்க வகையில் இருக்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு (அது என்ன என்று கீழே வருகிறது) மட்டும்தான் அது போதும். ‘பவர்சிஎஃப்ஜி /ஹைபர்னேட் /டைப் ஃபுல்’ என்று மாற்றுங்கள். முழு வகை ரேம் அளவில் சுமார் 40 சதவீதத்தை சி டிரைவில் பிடித்துக்கொள்ளும், சுருக்க வகை 20.

கேள்வி: தினமும் ஹைபர்னேட் செய்தால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா?

கணக்குப் போடுவோம். 16 ஜிபி ரேம் என்றால் கோப்பு 6.4 ஜிபி. ஒவ்வொரு முறையும் அது முழுக்க எழுதப்படுகிறது என்றே வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு முறை என்றால் 12.8 ஜிபி, வருடத்துக்குச் சுமார் 4.7 டிபி. 300 டிபி எழுத உத்தரவாதம் உள்ள எஸ்எஸ்டி என்றால் அறுபது வருடத்துக்கு மேல் வரும். அதற்குள் மெஷினே பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.

கேள்வி: நடு ராத்திரி தானாக எழுந்து ஃபேன் சுற்றுகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

‘பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக்’ கடைசியாக எழுப்பியது யார் என்று சொல்லும். ‘பவர்சிஎஃப்ஜி /வேக்டைமர்ஸ்’ அடுத்து எழுப்பக் காத்திருப்பதைக் காட்டும். ‘பவர்சிஎஃப்ஜி /டிவைஸ்க்வெரி வேக்_ஆர்ம்டு’ எழுப்ப அனுமதி பெற்ற சாதனங்களின் பட்டியல். மவுஸும் நெட்வொர்க் கார்டும் அதில் இருந்தால் டிவைஸ் மேனேஜரில் அவற்றின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய் அனுமதியை எடுத்துவிடுங்கள். மேசை லேசாக ஆடினாலே மவுஸ் எழுப்பிவிடும். டைமர்களை அணைக்க: அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸில் ஸ்லீப், அதற்குள் அலோ வேக் டைமர்ஸ், டிஸேபிள். மாடர்ன் ஸ்டாண்ட்பை மெஷினில் லாஸ்ட்வேக் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. அங்கே ஸ்லீப்ஸ்டடிதான் துணை.

கேள்வி: எனக்கு நேர்மாறு. நேரம் வைத்தும் தூங்கவே மாட்டேன் என்கிறது.

‘பவர்சிஎஃப்ஜி /ரிக்வெஸ்ட்ஸ்’. டிஸ்ப்ளே, சிஸ்டம் என்று தலைப்புகள் வரும். எதன் கீழே பெயர் இருக்கிறதோ அதுதான் தடுக்கிறது. பாட்டோ வீடியோவோ ஓடும் பிரவுசர் டேப்தான் முதல் சந்தேகம்.

கேள்வி: தினமும் ஷட்டவுன் செய்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் அப்டைம் (தொடர்ந்து ஓடிய நேரம்) 11 நாள் என்கிறது! உபுண்டு லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுதவும் முடியவில்லை.

இரண்டும் ஒரே காரணம்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். அது இருக்கும்போது ஷட்டவுன் என்பது அரை ஹைபர்னேட். உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் கருவை மட்டும் டிஸ்க்கில் எழுதி வைக்கும். அதனால்தான் அப்டைம் ஓடிக்கொண்டே இருக்கிறது. டிரைவ் பாதி மூடிய நிலையில் கிடப்பதால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கிறது; அது செய்வதுதான் சரி, கட்டாயப்படுத்தி எழுதினால் கோப்புகள் கெடும். முன் சொன்ன அதே பவர் பட்டன் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுங்கள். ஒரு முறைக்கு மட்டும் என்றால் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் அழுத்துங்கள். ரீஸ்டார்ட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

கேள்வி: உபுண்டுவில் ஸ்லீப் வகையை எப்படி மாற்றுவது?

சிஸ் அடைவில் பவர், அதற்குள் மெம்_ஸ்லீப் என்ற கோப்பை கேட் கட்டளையால் பாருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது இப்போதைய தேர்வு. எஸ்2ஐடில் என்பது மேலோட்டத் தூக்கம், டீப் என்பது எஸ்3. டீப் என்ற சொல்லே இல்லையென்றால் மெஷினில் எஸ்3 இல்லை. இருந்தால், முதலில் ரூட்டாக (அட்மினிஸ்ட்ரேட்டர் மாதிரி) அந்தக் கோப்பில் டீப் என்று எழுதி ஒரு நாள் சோதியுங்கள்; திரும்ப எழாமல் போனால் ரீஸ்டார்ட்டில் பழைய நிலை வந்துவிடும். சரியாக எழுந்தால் மட்டும் க்ரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) அமைப்பில் ‘மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்’ சேர்த்து அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். ஹைபர்னேட் வேண்டுமென்றால் ஸ்வாப் (ரேமில் இருப்பதை எழுதிவைக்க டிஸ்க்கில் ஒதுக்கும் பகுதி) இடம் ரேம் அளவுக்காவது இருக்கட்டும். பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆனில் இருந்தால் லினக்ஸின் கரு (கர்னல்) ஹைபர்னேட்டை அனுமதிக்காது.

கேள்வி: வெளி மானிட்டரில் வேலை செய்கிறேன். மூடினால் தூங்கிவிடுகிறது.

மூடிக்கான அதே பக்கத்தில் ‘ப்ளக்டு இன்’ பத்திக்கு மட்டும் ‘டூ நத்திங்’. பேட்டரிப் பத்தியைத் தொடாதீர்கள். அதையும் மாற்றிவிட்டுப் பையில் போட்டால் முழு விழிப்பில் ஓடிக்கொண்டே போகும்.