பெயர்க் குழப்பத்துக்கு நாவல் மருந்தல்ல

'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகத்தை அரை மணி நேரத்திலேயே பெயர்க் குழப்பத்தால் நிறுத்திவிட்டதாகவும், கல்கி எழுதிய மூல நாவலின் ஐந்து பாகங்களையும் படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை, நாவலை முன்பே படித்திருந்த எனக்கு, அந்த வாசிப்பே சில இடங்களில் தடையாக இருந்தது என்பதுதான் உண்மை.

சுந்தர சோழருக்கு ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன் என மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு எதிராக, சுந்தர சோழரின் பெரியப்பா மகன் மதுராந்தகனை அரியணையில் ஏற்றப் பெரிய பழுவேட்டரையரும் சிற்றரசர்களும் முயல்கிறார்கள். இவ்வளவை மனத்தில் வைத்துக்கொண்டு, கரிகாலனின் தூதனாக வரும், கார்த்தி நடித்த வந்தியத்தேவன் போகும் வழியிலேயே போனால் மற்ற பெயர்கள் தாமாகப் பிடிபட்டுவிடும்.

இலங்கைப் பகுதி எனக்குச் சற்று அவசரமாகத் தோன்றியது. ஆனால் 2023இல் வந்த இரண்டாம் பாகத்தில் கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனாக வரும் விக்ரமும், பெரிய பழுவேட்டரையரின் மனைவி நந்தினியாக வரும் ஐஸ்வர்யா ராயும் நேருக்கு நேர் சந்திக்கும் காட்சிக்காகவே முதல் பாகத்தின் நெரிசலைப் பொறுத்துக்கொள்ளலாம். நாவலில் வந்தியத்தேவனின் நண்பன் சேந்தன் அமுதனுக்குக் கிடைக்கும் முக்கியத்துவத்தைப் படம் கைவிட்டதில் எனக்கு இன்றும் மனக்குறைதான். படிக்காத உங்களுக்கு அந்தக் குறை தெரியவே போவதில்லை.