வீடு மாறிய மரைன் டேங்க்: முதலில் பாறையைக் கவனியுங்கள்

கேள்வி: வேளச்சேரியிலிருந்து மேடவாக்கத்துக்கு வாடகை வீடு மாறிவிட்டோம், மூன்றாவது மாடி. மூன்று வருடமாக ஓடிய 4 அடி மரைன் டேங்க் (கடல் மீன் தொட்டி), சுமார் 300 லிட்டர். க்ளௌன் ஜோடி, ஒரு எல்லோ டாங், இரண்டு டாம்சல் என மீன்கள், கொஞ்சம் ஸாஃப்ட் கோரல் (மென்பவளம்) எல்லாம் ஏர் பம்ப் வைத்த டப்பில் இருக்கின்றன. லைவ் ராக்கை (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் பாறை) மூடிய ட்ரம்மில் பழைய தண்ணீரோடு வைத்து இரண்டு நாள் ஆகிறது. பழைய மணலும், கேன்களில் பாதி டேங்க் தண்ணீரும் கையில் உண்டு. "பாறை செத்திருக்கும், புதுசா லைவ் ராக் தர்றேன், ஒரு பாக்டீரியா பாட்டில் ஊத்துங்க, மறுநாளே மீன் விடலாம்" என்கிறார் தெரிந்த கடைக்காரர். நம்பலாமா?

பதில்: மேற்கொண்டு படிப்பதற்கு முன் எழுந்து போய் அந்த ட்ரம்மைத் திறந்து, உள்ளே ஒரு வேவ்மேக்கரோ (தண்ணீரை ஓடவைக்கும் பம்ப்) ஏர் பம்ப்போ போட்டுவிட்டு வாருங்கள். கடைக்காரருக்குப் பதில் அப்புறம் சொல்லலாம்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. டேங்கில் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா பெரும்பாலும் பாறையின் துளைகளில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது, தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். அதனால் பழைய தண்ணீர் மொத்தமும் போனாலும் பெரிய நஷ்டமில்லை, பாறை போனால் மூன்று வருட உழைப்பு போகும். அந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். சென்னை வெக்கையில், மூடி போட்ட ட்ரம்மில், ஓட்டமில்லாத உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் பாறைமேல் இருக்கும் ஸ்பாஞ்சும் புழுக்களும் சாகும், அவை அழுகி அம்மோனியாவைக் கிளப்பும்.

உங்கள் பாறை செத்துவிட்டதா என்பதைக் கடைக்காரர் போனில் சொல்ல முடியாது, உங்கள் மூக்கு சொல்லும். ஒரு பாறையை எடுத்து முகர்ந்து பாருங்கள். கடற்கரை வாடை அடித்தால் நல்லது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. அதோடு ட்ரம் தண்ணீரில் அம்மோனியா டெஸ்ட் செய்யுங்கள். நாற்றமும் இல்லை, அம்மோனியாவும் பூஜ்யம் என்றால் பாறை நேராக டேங்குக்குப் போகலாம்.

நாற்றம் இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப்பேர் பாறையை இழப்பது இந்த இடத்தில்தான். யாரோ சொன்னார்கள் என்று வெயிலில் காயவைப்பார்கள், குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவார்கள், பிளீச் போடுவார்கள். மூன்றுமே மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். நீங்கள் செய்ய வேண்டியது: பாறையைப் புதிய உப்புத் தண்ணீரில் முக்கி, வெள்ளையாகவோ கறுப்பாகவோ வழவழவென்று இருப்பதைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ட்ரம் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, வேறு உப்புத் தண்ணீர் நிரப்பி, பாறையை உள்ளே வைத்து வேவ்மேக்கர் ஓடவிடுங்கள். மூடி வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) சும்மா இருந்தால் அதையும் இதில் மாட்டுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டும் சில நாள் தொடர்ந்து அம்மோனியா பூஜ்யத்திலேயே நின்றால் பாறை தேறிவிட்டது. ஒரு வாரத்தில் ஆகலாம், நான்கு வாரமும் பிடிக்கலாம். எல்லாப் பாறையும் ஒரேபோல் கெட்டிருக்காது என்பதையும் கவனியுங்கள். நாற்றமில்லாத ஒன்றிரண்டை முதல் நாளே பிரித்து மீன் இருக்கும் டப்பில் போட்டால், அங்கே ஏறும் அம்மோனியாவை அவை ஓரளவு தாங்கும்.

மணலைக் கொட்டிவிடுங்கள். மூன்று வருடக் கழிவு அதில் இருக்கிறது. கிளறி டேங்கில் போட்டால் அடியில் தங்கிய ஹைட்ரஜன் சல்பைடும் அழுக்கும் ஒரே நாளில் மீனை முடித்துவிடும். சில வாரம் மணலே இல்லாமல் ஓடட்டும்.

கேனில் இருக்கும் தண்ணீர் மேலாக எடுத்த தெளிந்த தண்ணீர் என்றால் பயன்படுத்தலாம், பாறை ஊறிய ட்ரம் தண்ணீர் வேண்டாம். மீதிக்குப் புதிதாக உப்புக் கலக்க வேண்டும். லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கூடாது, ஆர்.ஓ. தண்ணீர்தான். இதிலும் ஒரு வலை இருக்கிறது. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. மெஷின் பலவற்றில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருக்கும், ருசிக்காக வடிகட்டாத தண்ணீரையே கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும். டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்து அதை மூடச் சொல்லுங்கள். கடைசியில் மிச்ச உப்பையும் பிடிக்கிற ஒரு டி.ஐ. ரெசின் கூடு மாட்டி மீட்டர் பூஜ்யம் காட்டினால் மனநிம்மதி. பாறை அடைத்தது போக உங்கள் டேங்குக்கு 240 லிட்டர் போதும். லிட்டருக்குச் சுமார் 36 கிராம் என்று மீதிப் பாதிக்குச் சுமார் 4.3 கிலோ உப்பு பிடிக்கும். டப்புக்கும் ட்ரம்முக்கும் தினமும் தேவைப்படும், அதனால் தாராளமாக வாங்குங்கள். ஒரு நாள் பம்ப் போட்டுச் சுற்றவிட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வருகிறதா பாருங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை இந்த வேலைக்கு நம்பாதீர்கள்.

சிலர் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள், "நேச்சுரல் சார், உப்புச் செலவு மிச்சம்" என்று. கூவமும் அடையாறும் வந்து கலக்கிற கரையோரத் தண்ணீரை உங்கள் கோரல்மேல் ஊற்றாதீர்கள்.

பாக்டீரியா பாட்டில் முழு ஏமாற்று என்று சொல்லமாட்டேன். நல்லதும் உண்டு. ஆனால் வெக்கையில் கடை ஷெல்ஃபில் எத்தனை நாள் நின்றது என்று யாருக்கும் தெரியாது. துணைக்கு ஊற்றுங்கள், அதை நம்பி மறுநாள் மீன் விடாதீர்கள்.

அந்தப் புது லைவ் ராக்தான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து உடைத்து மூட்டையில் வந்ததென்றால், அது பவளம். 2001 முதல் கல்பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குரிய அதே அட்டவணை. செத்த துண்டும் சட்டத்துக்குப் பவளம்தான். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. மூட்டையைக் கொண்டுவந்தவர் கைமாற்றிவிட்டுப் போய்விடுவார், வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பவர் நீங்கள். ஆசையாக டேங்க் வைக்கும் ஒருவர் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தமிழில் ஒரு பக்கத் தாள் அச்சிட்டு மீன் கடைகளில் எந்தத் துறையும் ஒட்டி இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. சட்டம் தெரியாமலே ஜனங்கள் மாட்டிக்கொள்கிறார்கள், தரகர்கள் பிழைக்கிறார்கள். பாறை போதவில்லை என்றால் செராமிக் பாறையோ காய்ந்த செயற்கைப் பாறையோ பில்லோடு வாங்குங்கள், பழைய பாறை பக்கத்தில் இருந்தால் பாக்டீரியா மெல்ல அதிலும் ஏறும். உங்கள் கோரலுக்கும் பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

டப்பில் இருக்கும் மீனுக்குத் தீனியைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். காலையும் மாலையும் அம்மோனியா பாருங்கள், 0.25 பி.பி.எம். (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) காட்டினாலே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அதே உப்பு, அதே வெப்பத்தில் மாற்றுங்கள். ராத்திரியில் மாற்ற வழியில்லை என்றால் அம்மோனியாவின் விஷத்தை அடக்கும் பிரைம் போன்ற திரவம் ஒரு நாள் தாங்கும். மேலே வலை மூடி வையுங்கள், குதித்துவிடும். டாம்சல் மற்றதைக் கடிக்கும், ஒளிந்துகொள்ள நாலு பி.வி.சி. குழாய்த் துண்டு போடுங்கள்.

இதற்கிடையே டேங்கை அதன் இடத்தில் தூக்கி வையுங்கள். தண்ணீர், பாறை, கண்ணாடி, ஸ்டாண்டு சேர்ந்து அரை டன்னை நெருங்கும், அதனால் அறை நடுவில் வேண்டாம், பீம் போகும் சுவரோரமாக. ரசமட்டம் வைத்துப் பார்த்து, வெறும் குழாய்த் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். வண்டியில் குலுங்கிய சிலிக்கான் ஒட்டு கசிந்தால் அப்போதே தெரிந்துவிடும், பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்புத் தண்ணீர் நிரப்புங்கள்.

பாறை உள்ளே போனபின் ஸ்கிம்மரை ஓட்டி, 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் அம்மோனியா பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் முதலில் கோரலும் க்ளௌன் ஜோடியும், நாலைந்து நாள் கழித்து டாங், கடைசியில் டாம்சல். லைட்டை முதல் வாரம் பாதி வெளிச்சத்தில் நாலு மணி நேரம் மட்டும் போடுங்கள். கோரல் விரிய ஆரம்பித்ததும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டிக்கொள்ளலாம்.