மெய்நிகர் கணினிக்கு ஒரு புது ஏசிபிஐ டேபிள்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் விஐஓடி பற்றியவை. கியூஎமு போன்ற மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் கணினியில் எந்தச் சாதனம் எந்த ஐஓஎம்எம்யூவுக்குப் பின்னால் இருக்கிறது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐ டேபிள் அது. ஏசிபிஐ என்பது வன்பொருள் விவரங்களை டேபிள்களாக இயங்குதளத்திடம் கொடுக்கும் தரநிலை; ஐஓஎம்எம்யூ என்பது சாதனங்கள் நினைவகத்தைத் தொடும் முகவரிகளை மாற்றிக்கொடுக்கும் பகுதி.

கேள்வி: இதற்குத் தனி டேபிள் எதற்கு சார்? விர்ட்ஐஓ (மெய்நிகர் சாதனங்களுக்கான தரநிலை) சாதனத்திடமே கேட்டுக்கொள்ளலாமே?

அப்படியும் ஒரு யோசனை வந்தது. சிக்கல் வரிசையில்தான். ஐஓஎம்எம்யூ டிரைவர் எழுந்திருக்கும் முன்பே நெட்வொர்க் கார்டின் டிரைவர் வேலையைத் தொடங்கிவிட்டால் டிஎம்ஏ முகவரிகள், அதாவது சாதனம் நேராக நினைவகத்தைத் தொடும் முகவரிகள், குழம்பிப்போகும். "நீ பொறு, உனக்கு முன்னால் ஒருவர் வரவேண்டும்" என்று அதனிடம் சொல்ல, யார் யாருக்குப் பின்னால் என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆர்ம் சிப் கணினிகளில் வன்பொருளைப் பட்டியலிடும் டிவைஸ் ட்ரீ அதைச் சொல்லிவிடும். சாதாரண பிசியில் அது கிடையாது, ஏசிபிஐதான் கதி. அதனால்தான் 2019இல் லினக்ஸ் 5.3இல் சேர்ந்த விர்ட்ஐஓ ஐஓஎம்எம்யூ டிரைவர் ஆர்மோடு நின்றது. இன்டெல், ஏஎம்டி பிசிகளின் எக்ஸ்86க்கு 2021இல், 5.14 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: இன்டெலுக்கு டிஎம்ஏஆர், ஏஎம்டிக்கு ஐவிஆர்எஸ், ஆர்முக்கு ஐஓஆர்டி என்று இதே வேலைக்கான டேபிள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நாலு வரி சேர்த்திருக்கலாமே?

ஐஓஆர்டியில் சேர்க்கலாம் என்றும் பேச்சு இருந்தது. ஆனால் அது ஆர்ம் நிறுவனத்தின் ஆவணம். வாடகை வீட்டில் நாம் நினைத்தபடி சுவரை இடிக்க முடியுமா? தவிர, இன்டெல் பிசி மாதிரி நடிக்கும் ஒரு கணினியில் ஆர்மின் டேபிளை வைப்பது யாருக்கும் ஒட்டாது.

கேள்வி: புது டேபிளுக்கான நாலெழுத்துப் பெயரை நானே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நாளைக்கு வேறொருவர் அதே பெயரோடு வந்து நிற்பார். ஏசிபிஐ 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து தொடங்கியது. 2013இலிருந்து கணினி நிறுவனங்களின் கூட்டமைப்பான யூஇஎஃப்ஐ ஃபோரம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. பெயரை முதலில் அங்கே பதிவு செய்துவிடுங்கள், உள்ளடக்கத்தை அப்புறம் செதுக்கலாம். உங்கள் கணினிக்குள் மட்டும் ஓடப்போகிறது என்றால் ஓஇஎம் என்று தொடங்கும் பெயர்களை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: நான் எந்தக் கம்பெனியையும் சேராதவன். ஃபோரத்துக்கு உள்ளே நுழையவே முடியாதா அண்ணா?

பணிக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள்தான் உட்காரலாம். ஆனால் கோட் ஃபர்ஸ்ட் என்று ஒரு வழி உண்டு. வரைவையும் அதற்கான நிரலையும் முதலில் பொதுவெளியில் வைத்து விவாதிக்கலாம், முதிர்ந்த பிறகு ஓர் உறுப்பினர் அதைக் குழுவுக்கு எடுத்துப்போவார். ஆகவே உங்கள் முதல் வேலை அந்த ஒருவரைப் பிடிப்பது. குழு வாசகத்தை ஏற்கும் வரை நிரலை முதன்மைக் கிளையில் சேர்க்க அவசரப்படாதீர்கள். டேபிள் ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது, பழைய வடிவத்தையும் காலம் முழுக்கப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: எவ்வளவு பெரிய டேபிள்?

சிரிப்பீர்கள். எல்லா ஏசிபிஐ டேபிளுக்கும் பொதுவான தலைப்பு 36 பைட், விஐஓடிக்கே உரியது இன்னொரு 12. பிசிஐ வழி வரும் ஐஓஎம்எம்யூவைக் குறிக்க 16, அதன் கீழுள்ள சாதன வரிசைக்கு 24. மொத்தம் 88 பைட். எல்லா பைட்டையும் கூட்டினால் கூட்டுத்தொகையின் கடைசி பைட் பூஜ்யமாக வரவேண்டும், செக்சம் அவ்வளவுதான். ரிசர்வ்டு என்று சும்மா கிடக்கும் இடங்களைப் பார்த்து யாராவது "வீண்" என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் ஒரு புதுப் புலம் சேர்க்கும்போது அதன் அருமை தெரியும்.

கேள்வி: கியூஎமுவில் டேபிளை மாற்றினால் டெஸ்ட் விழுகிறது. என்ன தப்பு?

தப்பு இல்லை. டேபிளின் பைட்டுகளைச் சேமித்து வைத்து ஒப்பிடுகிறது அந்த டெஸ்ட். முதல் பேட்ச்சில் (நிரல் மாற்றத் தொகுப்பில்) அந்தக் கோப்பை "மாறலாம்" என்ற பட்டியலில் போடுங்கள், இரண்டாவதில் நிரல், மூன்றாவதில் புது பைட்டுகள். ஐஏஎஸ்எல் என்ற ஏசிபிஐ கருவி கொண்டு பிரித்துப் பார்த்த வெளியீட்டையும் பேட்ச் விளக்கத்தில் ஒட்டிவிடுங்கள், பார்ப்பவர் கேட்காமல் இருக்கமாட்டார்.

கேள்வி: விஐஓடி இப்போது எங்கே இருக்கிறது?

2022 ஆகஸ்டில் வந்த ஏசிபிஐ 6.5இல். கியூஎமுவில் எக்ஸ்86க்கு 2021 டிசம்பரில் வந்த 6.2இலிருந்து, ஆர்முக்கு 2022இல் வந்த 7.0இலிருந்து.