மக்கரோவ் வாங்கலாமான்னு கேட்ட பெரியபட்டினத்துத் தம்பிக்கு

தம்பி, நீங்க எழுதினதைப் பாம்பன்ல எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துதான் படிச்சேன். வருஷத்துக்கு ஒரு தடவை மூணு வாரம் லீவு. கச்சான் காத்து மூஞ்சியில உப்பை அறையுது. போன லீவுல பெயிண்ட் அடிச்ச ஜன்னல் கம்பியில கை வச்சா துரு பொரிப்பொரியா உதிருது. நீங்க கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஹூஸ்டனுக்கு வந்து எட்டு மாசம், எச்-1பி வேலை விசா. கடையில ஒரு பல்கேரிய மக்கரோவ் கைத்துப்பாக்கி பார்த்திருக்கீங்க. "ராணுவம் கழிச்சுவிட்ட பிஸ்டல்னா எதைப் பார்த்து வாங்கணும், என் பேர்ல முடியலைன்னா ஆபீஸ் நண்பர் பேர்ல வாங்கிக்கலாமா அண்ணே"ன்னு கேட்டிருக்கீங்க. கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்: கூடவே கூடாது.

எச்-1பி, படிக்கற பசங்களோட எஃப்-1 மாதிரி விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி குற்றம். வாங்கறது மட்டும் இல்ல, வச்சிருக்கறதே. கடையில 4473ன்னு ஒரு ஃபாரம் தருவாங்க. முதல்ல வர்ற கேள்விகள்ல ஒண்ணு, "நிஜமா வாங்கற ஆள் நீங்கதானா?" நண்பர் உங்க காசை வாங்கிக்கிட்டு அதுல 'ஆமா'ன்னு டிக் போட்டா அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீங்க. 2022ல வந்த சட்டத்துக்கு அப்புறம் பினாமி வாங்கலுக்கு 15 வருஷம் வரைக்கும் சிறை. விசா போறது அதுக்கும் முன்னாடியே நடந்துடும்.

ஒரு விலக்கு இருக்கு, மறைக்க மாட்டேன். ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகற வேட்டை லைசன்ஸ் கையில இருந்தா, இந்த விசாக்காரங்களும் வாங்கலாம்னு சட்டம் சொல்லுது. நம்ம பையன்கள் சிலர் அப்படித்தான் வாங்கியிருக்காங்க. ஆனா லைசன்ஸ் காலாவதி ஆன மறுநாள் அலமாரியில இருக்கற பிஸ்டல் குற்றமாயிடும். குடும்பத்தோட வாழ்க்கையை மீன்பிடி டோக்கன் மாதிரி ஒரு சின்ன அட்டையில தொங்க விடறதா வேணாமான்னு இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர்கிட்ட காசு கொடுத்துக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நண்பர் ரேஞ்ச்சுக்கு, அதாவது சுட்டுப் பழகற இடத்துக்குக் கூட்டிப் போய் கையில கொடுக்கறதும் இதே கணக்குலதான் வரும். பலரும் அதை யோசிக்கறதே இல்ல. யோசிக்காம போட்டோவும் எடுத்துப் போடறாங்க.

போட்டோன்னதும் ஒண்ணு. ஊர் வாட்ஸ்அப் குரூப்ல துப்பாக்கியோட நிக்கற படத்தைப் போட்டுடாதீங்க. நம்ம கரை வேற மாதிரி கரை. 2018 ஜூன்ல தங்கச்சிமடத்துல ஒரு வீட்டுல கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினப்போ பெட்டி பெட்டியா பழைய தோட்டா கிடைச்சது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எண்பதுகள்ல இலங்கைத் தமிழ் இயக்கக்காரங்க புதைச்சுட்டுப் போனதுன்னு பெரியவங்க பேசிக்கிட்டாங்க. க்யூ பிராஞ்ச் உளவுப் போலீஸ் வந்து எத்தனை நாள் தெருவுல நின்னுச்சு! ஹூஸ்டன்ல பொழுதுபோக்கா இருக்கறது, பெரியபட்டினத்துல உங்க அப்பாகிட்ட நாலு பேர் வந்து விசாரிக்கற விஷயமாயிடும்.

கிரீன் கார்டு வந்துட்டா கதை மாறுது. 21 வயசுக்கு மேல, அந்த மாநிலத்துல குடியிருப்பு, கையில கார்டு இருந்தா கடையில ஃபாரம் நிரப்பி, அவங்க எஃப்.பி.ஐ. பதிவைச் சரிபார்த்ததும் வாங்கலாம். சேகரிப்புன்னு ஆசை வந்தா 'க்யூரியோ அண்ட் ரெலிக்'னு சேகரிப்பாளர் லைசன்ஸ் ஒண்ணு இருக்கு. மூணு வருஷத்துக்கு 30 டாலர். மூல வடிவம் மாறாத, 50 வருஷம் தாண்டின துப்பாக்கிகளை வெளிமாநிலத்துல இருந்தும் நேரா வீட்டுக்கு வரவழைக்கலாம். எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைக்கணும். நம்ம ஆட்களுக்கு கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம்னு உங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போங்க, கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க. பார்த்துப் பழகின கண்ணுக்குத்தான் அப்புறம் சரக்கு புரியும்.

சரி, சரக்குக்கு வர்றேன்.

எங்க அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். பழைய வள்ளம் ஒண்ணு விலைக்கு வந்தா அவரைத்தான் கூட்டிப் போவாங்க. பெயிண்ட் பளபளன்னு இருக்கற பக்கத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குனிஞ்சு, பலகையும் பலகையும் சேர்ற இடத்துல ஸ்க்ரூ டிரைவர் முனையால குத்திப் பார்ப்பார். முனை உள்ளே இறங்கினா வாயைத் திறக்காம எழுந்து நடந்துடுவார். இந்தப் பாடத்தை வச்சுக்கிட்டும் நான் முதல் துப்பாக்கியில ஏமாந்தேன்.

அது ஒரு டோக்கரேவ், டி.டி-33, பழைய சோவியத் ராணுவ பிஸ்டல். ஒரு கண்காட்சியில வாங்கினது. கருநீலமா, கண்ணாடி மாதிரி பாலிஷ். வீட்டுக்கு வந்து பக்கவாட்டுப் பிடித் தகடுகளைக் கழட்டினா, உள்ளே இரும்புல அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா. யாரோ ஒரு சிப்பாயோட வேர்வை அம்பது வருஷம் அங்கேயே தங்கியிருக்கு. அப்புறம் ராணுவ டிப்போவுல மேலாக தேய்ச்சு, புதுசா நிறம் ஏத்தியிருக்காங்க. இரும்புல பொறிச்ச எழுத்தோட ஓரம் மழுங்கியிருக்கா, குழிக்குள்ளேயும் நிறம் இறங்கியிருக்கான்னு பார்த்திருந்தா கடையிலேயே தெரிஞ்சிருக்கும். இப்பல்லாம் பாக்கெட்ல சின்ன ஸ்க்ரூ டிரைவர் இல்லாம நான் போறதில்ல. "தகட்டைக் கழட்டிப் பார்க்கலாமா?"ன்னு கேட்பேன். விக்கறவர் முகம் சுளிச்சா அதுவே பதில்.

குழலைப் பார்க்கற விதம் சொல்றேன். முதல்ல மேகசினை, அதாவது தோட்டா அடுக்கற பெட்டியைக் கழட்டணும், ஸ்லைடை, அதாவது மேல நகர்ற பாகத்தை இழுத்துப் பூட்டணும், தோட்டா உட்கார்ற சேம்பர்ல கண்ணால மட்டும் இல்லாம விரலாலயும் தடவிப் பார்க்கணும். விக்கறவர் "காலி"ன்னு சொன்னாலும்தான். அப்புறம் பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை வச்சு டார்ச் அடிச்சு முன்னாலிருந்து பாருங்க. உள்ளே சுருள் வரிகள் கூர்மையா தெரியணும். லேசா இருட்டா இருந்தா பரவாயில்ல, சுடும். நடுவுல மோதிரம் மாதிரி ஒரு நிழல் வளையம் தெரிஞ்சா, எப்பவோ ஒரு குண்டு உள்ளே சிக்கி அதுமேல இன்னொண்ணு சுட்டு குழல் வீங்கியிருக்குன்னு அர்த்தம். வச்சுட்டு வந்துடுங்க. ஒரு விதிவிலக்கு: செக் நாட்டு சி.இசட்-82ல கூரான வரிகளே இருக்காது, குழலோட உள்வடிவமே வளைஞ்ச பலகோணம். தேய்ஞ்சு போச்சுன்னு நினைச்சு நல்ல சரக்கை விட்டவங்க இருக்காங்க.

அடுத்து வரிசை நம்பர். ஸ்லைடு, சட்டம் (ஃப்ரேம்), குழல் மூணுலயும் ஒரே நம்பர் இருந்தா சேகரிப்பாளருக்கு மதிப்பு. சுடறதுக்கு மட்டும்னா நான் கவலைப்பட மாட்டேன். இரண்டாம் உலகப்போர்ல ரஷ்யர்கள் பிடிச்ச ஜெர்மன் பி-38 பிஸ்டல்கள்ல, டிப்போவுல பாகங்களைக் கலந்து பூட்டிட்டு மின் ஊசியால நம்பரைக் கிறுக்கியிருப்பாங்க. அதுவும் வரலாறுதான், ஆனா எல்லா பாகமும் மூல நம்பரோட இருக்கறதுக்குக் கொடுக்கற விலையை அதுக்குக் கொடுக்காதீங்க. டோக்கரேவுல ஒரு சேஃப்டி லீவர் இருந்தா அதிசயப்படாதீங்க. அசல்ல அது கிடையாது, அமெரிக்க இறக்குமதி விதிக்காகப் பின்னாடி வச்சது. இறக்குமதியாளர் பேர் சின்னதா பொறிச்சிருக்கும், அதுவும் சேகரிப்பு விலையைக் கொஞ்சம் குறைக்கும்.

நீங்க பார்த்த மக்கரோவ் நல்ல தேர்வு. குழல் சட்டத்தோட நிலையா பூட்டினது, பாகங்கள் குறைவு, கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்ல. பல்கேரியாவுல செஞ்சதுல வட்டத்துக்குள்ள 10ன்னு முத்திரை இருக்கும். வேலைப்பாட்டுல கிழக்கு ஜெர்மன் மக்கரோவ்தான் ஒசத்தி. சீனச் சரக்கு, அமெரிக்கா 1994ல போட்ட இறக்குமதித் தடைக்கு அப்புறம் புதுசா வர்றதில்ல, அதனால பழசுக்கு விலை ஏறிக்கிட்டே போகுது. நான் வந்த புதுசுல நூறு டாலருக்குள்ள விழுந்து கிடந்த பழைய ரஷ்ய நாகன் ரிவால்வரை இன்னிக்கு அந்த விலைக்கு நினைச்சே பார்க்க முடியாது. கிடங்குகள் காலியாகுது, அவ்வளவுதான்.

ஆனா தோட்டாவுல ஜாக்கிரதை. மக்கரோவோட 9×18 தோட்டாவும், எல்லாக் கடையிலயும் கிடைக்கிற 9×19 தோட்டாவும் வேற வேற. குண்டோட குறுக்களவே வேற. டப்பாவுல 9ன்னு இருக்கறதெல்லாம் ஒண்ணு இல்ல. செக் நாட்டோட இன்னொரு பிஸ்டல் சி.இசட்-52 வாங்கினா, சுத்தியலை இறக்கற லீவரை நம்பாதீங்க. தேய்ஞ்ச துப்பாக்கியில அது தோட்டாவை வெடிக்க வச்சுடும். அதோட ஃபயரிங் பின், அதாவது தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கற ஊசி, வார்ப்பு இரும்பு மாதிரி நொறுங்கும், காலித் துப்பாக்கியில விசையை அழுத்திப் பழகினா ரெண்டா உடையும். ஸ்பெயினோட ஸ்டார் கம்பெனி 1997லயே மூடிட்டாங்க. அவங்க பி.எம். மாடல் அருமையா சுடும், உதிரி பாகம்தான் தேடணும். பழைய பிரிட்டிஷ் வெப்ளி ரிவால்வர்ல உருளையின் பின்பக்கத்தைச் சீவி .45 தோட்டாவுக்கு மாத்தியிருந்தா, அது சேகரிப்புக்கும் ஆகாது, முழு அழுத்தத் தோட்டாவுக்கும் ஆகாது.

எந்த பிஸ்டலை வாங்கினாலும் முதல் வேலை, பின்னால போன ஸ்லைடைத் திரும்பத் தள்ளற ரீகாயில் ஸ்பிரிங்கை மாத்தறது. விலை ரொம்பக் கம்மி, பழசு தளர்ந்துபோய் சட்டத்தை அடிச்சு அடிச்சே கெடுத்துடும்.

இப்ப உப்பு விஷயம். கிழக்கு ஐரோப்பாவோட பழைய ராணுவத் தோட்டாக்கள்ல பெரும்பாலானதுல தீ மூட்டற மருந்துல பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடிச்சதும் அது பொட்டாசியம் குளோரைடா குழல்ல படியும். அது ஒரு உப்பு. காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். நான் அந்த டோக்கரேவை ரோமானியத் தோட்டா போட்டுச் சுட்டுட்டு, எண்ணெய் மட்டும் நல்லா தடவி, தோல் உறைக்குள்ள வச்சு மூடி வச்சேன். ரெண்டு வாரம். ஹூஸ்டன் வெக்கை எப்படின்னு நீங்களே பார்க்கறீங்க. எடுத்துப் பார்த்தா குழலுக்குள்ள செங்கல் பொடி. உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். தோல் உறை வேற ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

போன்ல சொன்னப்போ அப்பா ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம், "ஏன்டா, எஞ்சின்ல உப்பைக் கழுவ நல்ல தண்ணி ஊத்தாம எவன்டா டீசலை ஊத்துவான்?"னார். எங்க வீட்டுல குடத்துக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து வாங்கின தண்ணியில, எங்களுக்கு முன்னாடி கரைக்கு வந்த எஞ்சினுக்குத்தான் குளியல். அம்மா அதுக்குத் திட்டாத நாள் இல்ல. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்ப சுட்ட அன்னிக்கே பாகத்தைப் பிரிச்சு கெட்டில்ல கொதிச்ச தண்ணியைக் குழல்ல ஊத்தறேன். சூட்டுலயே ஈரம் காய்ஞ்சுடும், அப்புறம்தான் எண்ணெய். குழலோட முனையையும் மேகசினையும் மறந்துடாம ஃபயரிங் பின் துளை, ஸ்லைடோட முகம் எல்லாம் கழுவணும்.

கடைசியா, என்னிக்காவது வாங்கினாலும் ஊருக்குக் கொண்டு வரலாமேன்னு நினைக்காதீங்க. இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டம், 9 மி.மீ. சாதாரண ஆளுக்குத் தடை செஞ்ச அளவு. துப்பாக்கியை விடுங்க, ஒரே ஒரு தோட்டா போதும். ரேஞ்ச்சுக்குக் கொண்டு போற பையும் விமானத்துக்குக் கொண்டு போற பையும் ஒண்ணா இருக்கவே கூடாது. பையோட தையல் மடிப்புல ஒண்ணு தங்கி மதுரையில ஸ்கேன்ல தெரிஞ்சா, ஃப்ளைட் போயிடும், ஆயுதச் சட்டத்துல கேஸ் வரும், லீவு முழுக்க ஸ்டேஷன்லயும் கோர்ட்லயும் போயிடும். நான் கிளம்பறதுக்கு முன்னாடி பெட்டியைக் கவுத்துத் தட்டிப் பார்க்கறது இன்னிக்கும் வழக்கம்.

அடுத்த மாசம் முதல் வாரம் ஹூஸ்டன் திரும்பறேன். உங்க அம்மா நெத்திலிக் கருவாடு ஏதாவது கொடுத்தனுப்பணும்னா பாம்பன் வீட்டுல சேர்ப்பிக்கச் சொல்லுங்க, கஸ்டம்ஸ்ல எழுதிக் காட்டி எடுத்துட்டு வர்றேன். அதுக்கு 4473 கேட்க மாட்டாங்க.