பதில்: மீட்டிங்கில் தொற்றும் கொட்டாவி
எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டாலே உங்களுக்கும் வந்துவிடுகிறது, மேலாளர் முறைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சலிப்பென்று அவர் நினைப்பது தப்பு. சிம்பன்சிகளுக்குக்கூட இப்படித் தொற்றும். (இதை எழுதும்போதே எனக்கும் வருகிறது!)

பல்லைக் கடித்து அடக்காதீர்கள். 2017இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வில், அடக்கச் சொன்னபோது கொட்டாவி விடும் உந்துதல் கூடத்தான் செய்தது. அதைவிட, வாயை மூடி மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள். 2007இல் ஆண்ட்ரூ கேலப் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த சோதனையில் மூக்கால் மூச்சு விட்டவர்களுக்கும், நெற்றியில் குளிர்ந்த ஒத்தடம் வைத்தவர்களுக்கும் தொற்றுக் கொட்டாவி ஏறக்குறைய நின்றே போனது. உள்ளே போகுமுன் சில்லென்ற தண்ணீர் பாட்டிலை நெற்றியில் கொஞ்சம் ஒற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், கொட்டாவி விடுபவருக்கு நேரெதிரே உட்காராமல் அதே வரிசையில் இடம் பிடியுங்கள்.

தனியாக இருக்கும்போதும் ஓயாமல் வந்தால் அது வேறு கதை, முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள்.