டிராஃப்டில் பெயர் வராதவருக்கு என்.பி.ஏ.வில் வழி உண்டா?

கேள்வி இதுதான்: "தம்பி மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். கூடைப்பந்தில் மாநில அணி வரை போய்விட்டான். அமெரிக்கா போய் ஆடுவேன், டிராஃப்டில் எடுக்காவிட்டாலும் எப்படியாவது என்.பி.ஏ.வுக்குள் நுழைந்துவிடலாம் என்கிறான். அப்படி நுழைந்தவர்கள் உண்டா? அவர்கள் பிழைப்பு எப்படிப் போகும்?"

உண்டு. என்.பி.ஏ. என்பது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்; டிராஃப்ட் என்பது அதன் அணிகள் வருஷா வருஷம் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. பென் வாலஸை 1996 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. பின்னாளில், சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். யுடோனிஸ் ஹாஸ்லமை 2002-ல் யாரும் எடுக்கவில்லை. பிரான்சுக்குப் போய் ஒரு வருஷம் ஆடிவிட்டுத் திரும்பி, மயாமி ஹீட்டில் 20 சீசன் இருந்தார். ஆனால் இந்தப் பெயர்களை மட்டும் பையனிடம் சொன்னால் இன்றைக்கே பெட்டி கட்டிவிடுவான். அதனால் ஜெரமி லின் கதையைச் சொல்கிறேன். 2012-ல் அவர் திடீரென்று புகழின் உச்சிக்குப் போன இரண்டு வாரத்தை எல்லாரும் சொல்வார்கள். அதற்கப்புறம் பதிமூன்று வருஷம் என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் கணக்கு. அணிகள் 30. ஓர் அணிக்கு வழக்கமாக 15 பேர். வருஷத்துக்கு டிராஃப்டில் எடுப்பது சுமார் 60 பேர். முதல் சுற்றில் வருபவர்களுக்கு உறுதியான ஒப்பந்தம் கிடைக்கும். இரண்டாம் சுற்றில் வருபவர்களுக்கு அந்த உத்தரவாதம்கூடக் கிடையாது. பெயரே வராதவர்கள் எங்கே நிற்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

லின் கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோவில் வளர்ந்தவர். பெற்றோர் தைவானிலிருந்து வந்தவர்கள். 2006-ல் அவருடைய பள்ளி மாநிலப் பட்டம் வென்றது, கேப்டன் அவர்தான். அப்படியும் முதல்நிலைக் கல்லூரி ஒன்றுகூட விளையாட்டு உதவித்தொகை தரவில்லை. ஹார்வர்டுக்குப் போனார். அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. பொருளாதாரம் படித்தார், நான்கு வருஷமும் ஆடினார். 2010 டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை. பிறகு டாலஸ் அணி கோடைக்கால லீக்கில் ஆடிப் பார்க்கக் கூப்பிட்டது. லாஸ் வேகாஸில் நடந்த ஓர் ஆட்டத்தில், அந்த வருஷ டிராஃப்டின் முதல் பெயரான ஜான் வாலுக்கு எதிராகக் ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் நன்றாக ஆடிக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், அதாவது அவருடைய சொந்தப் பகுதி அணி, ஒப்பந்தம் போட்டது.

முதல் சீசனில் 29 ஆட்டம். பெரும்பாலும் முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களின் கடைசி நிமிடங்கள். நடுவில் மூன்று தடவை கீழ்நிலை லீக்கான டி-லீக்கில் ரீனோ நகரத்துக்கு அனுப்பினார்கள்.

இனி நடந்ததை உன்னிப்பாகக் கவனியுங்கள். 2011 டிசம்பர் 9. அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் நடந்த தகராறால் வந்த லாக்அவுட் (கதவடைப்பு) முடிந்து பயிற்சி முகாம் தொடங்குகிற முதல் நாளே வாரியர்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. காரணம், டிஆண்ட்ரே ஜோர்டான் என்ற சென்டருக்கு, அதாவது கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆளுக்கு, பெரிய தொகை கொடுத்துக் கூப்பிட வேண்டியிருந்தது. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்புக்குள் இடம் பண்ண வேண்டும். அந்த ஜோர்டானையும் அவருடைய பழைய அணி விடவில்லை. வாரியர்ஸுக்கு அவரும் இல்லை, லின்னும் இல்லை. அடுத்து ஹூஸ்டன் எடுத்தது. டிசம்பர் 24 அன்று அங்கேயும் கல்தா. அங்கே இடம் தேவைப்பட்டது சாமுவேல் டாலம்பெர்ட்டுக்கு, அவரும் சென்டர்தான். இரண்டு தடவையும் லின் மோசமாக ஆடியதால் போகவில்லை. உயரமான ஒருவருக்காகத் தாளில் இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஓர் உள்ளூர் கிளப்பில் பந்து தட்டியபடி என்.பி.ஏ. பார்க்கும் எனக்கு, இந்த விளையாட்டைத் தொழிலாக எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்று புரிந்தது இந்த இரண்டு வாரச் செய்திகளைப் படித்தபோதுதான்.

மூன்று நாள் கழித்து நியூயார்க் நிக்ஸ் எடுத்தது, அதுவும் கார்டுகளுக்கு, அதாவது லின் மாதிரி பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு, காயம் என்பதால். ஒப்பந்தம் எந்த நேரமும் கிழித்துப் போடக்கூடியது. அந்தச் சீசனில் பிப்ரவரி 10-ஐத் தாண்டினால்தான் மீதிச் சம்பளம் உறுதி. அதனால் வீடுகூட எடுக்கவில்லை. அண்ணன் அங்கே பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார், அவருடைய சோஃபாவில் படுக்கை. அங்கே விருந்தாளி வந்த ஒரு நாள், சக வீரர் லாண்ட்ரி ஃபீல்ட்ஸ் வீட்டு சோஃபா.

பிப்ரவரி 4. தொடர்ந்து மூன்றாவது நாளாக நிக்ஸுக்கு ஆட்டம். 8 வெற்றி, 15 தோல்வி என்று அணி தள்ளாடுகிறது. வேறு யாரும் சரிப்படாததால் பயிற்சியாளர் மைக் டி'ஆன்டோனி பெஞ்சிலிருந்து லின்னை இறக்கினார். 25 புள்ளி, 7 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க உதவிய பாஸ்), வெற்றி. அடுத்த ஐந்து ஆட்டங்களிலும் முதல் ஐவரில் இடம். எடுத்த புள்ளிகள்: 28, 23, 38, 20, 27. அந்த 38 கோபி பிரையன்டின் லேக்கர்ஸுக்கு எதிராக, சரியாக பிப்ரவரி 10 அன்று, சம்பளம் உறுதியாகிற அதே நாளில். நமக்கு அது சனிக்கிழமை காலை ஆறரை மணி. இணையத்தில் ஸ்கோர் பக்கத்தைத் திறந்து வைத்து, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். பிப்ரவரி 14 அன்று டொரான்டோவில் 87-87 சமநிலை. கடைசி வினாடிகளில் நின்ற இடத்திலிருந்தே ஒரு மூன்று புள்ளி போட்டார், அரை வினாடி மிச்சம்.

அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டி'ஆன்டோனியின் ஆட்டமுறையே பிக் அண்ட் ரோல்தான்: பெரிய ஆள் வந்து தடுப்பு நிற்க, பந்து வைத்திருப்பவர் அந்த இடைவெளியில் புகுந்து, உள்ளே ஓடுவதா, பாஸ் கொடுப்பதா என்று அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். லின்னுக்கு நன்றாக வந்தது அதுதான். வேறு முறையில் ஆடும் அணியிலிருந்தால் அதே லின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். திறமை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. பந்து அவர் கையில் வர நாலு பேருக்குக் காயம் ஆக வேண்டியிருந்தது.

அப்புறம்? ஏப்ரலுக்குள் முழங்கால் அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. கோடையில் ஹூஸ்டன், ஏழு மாதம் முன்பு கழற்றிவிட்ட அதே ஹூஸ்டன், மூன்று வருஷத்துக்குச் சுமார் 2.5 கோடி டாலர் என்றது. முதல் இரண்டு வருஷம் 50 லட்சம் சொச்சம், மூன்றாவது வருஷம் கிட்டத்தட்ட 1.5 கோடி. அதே தொகையை நிக்ஸ் கொடுக்க ஒத்துக்கொண்டால் ஆளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றாவது வருஷ வீக்கத்தோடு, சம்பளச் செலவு அளவு மீறினால் லீக் போடும் ஆடம்பர வரியும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். வேண்டுமென்றே அப்படி எழுதிய ஒப்பந்தம். நிக்ஸ் கையை விரித்துவிட்டது.

ஹூஸ்டனில் போய் இறங்கிய சில மாதத்தில் ஜேம்ஸ் ஹார்டன் என்ற நட்சத்திர கார்டு வந்தார். பந்து அவர் கைக்குப் போனது. இரண்டாவது சீசனில் லின் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்கினார். 2014 ஜூலையில் நட்சத்திர வீரர் கார்மெலோ ஆந்தனியை இழுக்க அணி நிர்வாகம் அரங்கத்துக்கு வெளியே பெரிய படம் வைத்தது. படத்தில் ஆந்தனி ஹூஸ்டன் சட்டை போட்டிருந்தார், எண் 7. அது லின்னின் எண். லின் அப்போது அந்த அணியில்தான் இருக்கிறார்! ஆந்தனி வரவில்லை. அடுத்து உயரமான கிறிஸ் பாஷுக்கு இடம் பண்ண, லின்னை டிராஃப்டின் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையோடு சேர்த்து லேக்கர்ஸுக்குத் தள்ளினார்கள். பாஷும் வரவில்லை. ஆக மூன்று தடவை உயரமான ஆளுக்காக இடம் காலி செய்தார், அதில் இரண்டு தடவை அந்த உயரமான ஆள் வரவேயில்லை.

லேக்கர்ஸ், சார்லட், புரூக்ளின் என்று போனார். புரூக்ளினில் மறுபடி நல்ல சம்பளம்; அணியை அவர் கையில் கொடுப்பதாகவே இருந்தார்கள். 2017 அக்டோபரில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த வருஷம் போயிற்று. அட்லான்டா, பிறகு 2019-ல் டொரான்டோ. அந்த வருஷம் டொரான்டோ சாம்பியன், லின் விரலுக்கும் மோதிரம். இறுதித் தொடரில் அவர் களத்தில் நின்றது ஒரு நிமிடம் அளவுக்குத்தான். அதே அணியில் ஃப்ரெட் வான்வ்ளீட் என்று ஒருவர், அவரையும் 2016-ல் யாரும் எடுக்கவில்லை. பட்டம் முடிவான கடைசி ஆட்டத்தில் 22 புள்ளி போட்டார். இருவருமே டிராஃப்டில் வராதவர்கள். வான்வ்ளீட்டை வளர்த்தது ஒரே அணி. லின்னுக்கு அது எட்டாவது அணி.

பட்டம் வென்ற அடுத்த மாதமே எந்த என்.பி.ஏ. அணியும் கூப்பிடவில்லை. தைவானில் ஒரு மேடையில் அதைச் சொல்லிக் கண்கலங்கினார். பெய்ஜிங் போனார். 2021-ல் திரும்பி வந்து, சான்டா குரூஸ் அணிக்காக மறுபடி கீழ்நிலை லீக்கில் இறங்கினார். நன்றாகவே ஆடினார், மேலேயிருந்து அழைப்பு வரவில்லை. மறுபடி சீனா, அதற்கப்புறம் தைவான். நியூ தைபே கிங்ஸில் தம்பியோடு சேர்ந்து ஆடி, 2024-லும் 2025-லும் பட்டம் வென்று, 37 வயதில் ஓய்வு. என்னைக் கேட்டால் அவருடைய தொழிலில் மிகவும் நிம்மதியான பகுதி அந்தத் தைவான் வருஷங்கள்தான். அதை யாரும் யூடியூபில் தேடுவதில்லை.

டிராஃப்டில் வந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னம் சிங், 7 அடி 2 அங்குலம், 2015-ல் 52-ஆவது ஆளாக டாலஸ் எடுத்தது. இந்தியாவில் பிறந்து வளர்ந்து டிராஃப்டில் வந்த முதல் ஆள். கீழ்நிலை லீக்கில் ஆடினார், ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

தம்பி மகன் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கல்லூரிதான் வழி என்றால், பள்ளிப் பாடங்களையும் மதிப்பெண்களையும் அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தகுதி மையம் பார்க்கும். ப்ளஸ் டூவைக் கோட்டை விட்டால் அங்கேயே கதை முடிந்தது. இங்கேயே இருந்தால், பெரும்பாலான வீரர்கள் பிழைப்பது ரயில்வே, வங்கி, ஓ.என்.ஜி.சி. மாதிரி விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளில். சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணியைப் பார்த்திருப்பீர்கள். அவன் உயரம் எவ்வளவு, கார்டா ஃபார்வர்டா, இடது கையால் பந்து தட்டுவானா என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அதைப் பொறுத்துச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது.