வால்வு அம்பிளிபயருக்கு எத்தனை மைக்ரோபரட்?

கேள்வி: ஐயா, ஈஎல்84 வால்வு இரண்டு போட்டு ஸ்டீரியோ அம்பிளிபயர் கட்டுகிறேன். ஏசியை டிசியாக்கும் ரெக்டிபயர் வால்வு ஈஇசட்81, ட்ரான்ஸ்போமர் 250-0-250 வோல்ட். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வராமலிருக்க முதல் கொண்டென்சரை 220 மைக்ரோபரட் போடலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம் தம்பி. ஈஇசட்81க்கு முதல் கொண்டென்சர் 50 மைக்ரோபரட்டைத் தாண்டக்கூடாது. பெரிய கொண்டென்சர் ஒவ்வொரு அரைச்சுற்றின் உச்சியிலும் கணநேரத்தில் கரண்டை வாரி இழுக்கும். வால்வுக்குள் எலெக்ட்ரோனை விடும் கதோட்டின் பூச்சு அதைத் தாங்காது. கிளிநொச்சியில் என் மேசையிலேயே ஒரு வால்வு அப்படிப் பொறி பறந்து செத்தது. அதற்கு மாற்றுத் தேடிக் கொழும்புவரை போனேன்.

47 போடுங்கோ. 100 மில்லிஅம்பியர் எடுத்தால் அதில் டிசியின் மேல் 21 வோல்ட் அளவு ஏற்றஇறக்க அலை நிற்கும், பயப்படாதேங்கோ. பின்னால் 10 ஹென்றி சோக் (இரும்பில் சுற்றிய கம்பிச் சுருள்), அடுத்து இன்னொரு 47. அலை 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். இரைச்சலை அடக்குவது சோக்தான்.

இரண்டும் 450 வோல்ட் கொண்டென்சராக இருக்கட்டும். 250 வோல்ட் ஏசியின் உச்சி 353 வோல்ட். லைன் வோல்ட் கூடும் இரவுகளில் அதுவும் ஏறும்.

யுத்தகாலத்தில் வன்னியில் மின்சாரமில்லாமல் சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்டோம். அந்த 6 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது. இந்த அம்பிளிபயரின் வோல்ட் கொல்லும். ஓப் பண்ணின பிறகும் கொண்டென்சரில் சார்ஜ் நிற்கும்; அது இறங்க இரண்டாவது கொண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் கட்டாயம் வையுங்கோ. ஓப் பண்ணி 2 நிமிடம் பொறுத்து, மீற்றரால் பார்த்த பிறகே கை வையுங்கோ.